ஆடி ஒன்று, காலை ஆறு ஒன்பது

இரண்டு வாக்குமூலங்களும் ஒன்றுபோலவே இருந்தன. முதியோர் பராமரிப்பு ஆணையத்திலிருந்து வந்திருந்த ஷாஹீனா பேகம் முதலாவதை வாய்விட்டு வாசித்தார்.

"'ஆடி ஒன்றாம் தேதி காலை ஆறு மணி ஒன்பது நிமிடத்துக்கு மெஷினின் பெயரை வைஷாலி எடுத்துக்கொண்டார். அதன் பிறகு நடந்தவற்றுக்கு நான் பொறுப்பல்ல.' இது தர்ஷனா எழுதினது. அடுத்தது வைஷாலி எழுதினது. 'காலை ஆறு மணி ஒன்பது நிமிடத்துக்கு மெஷினின் பெயரை தர்ஷனா எடுத்துக்கொண்டார்.' மிச்சத்தையும் படிக்கணுமா?"

நடு அறையில் கட்டில் காலியாக இருந்தது. கட்டிலுக்கு வடக்கே வைஷாலி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், தெற்கே தர்ஷனா. கால்மாட்டில், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் மெஷின் நின்றது. பதினெட்டு நாளாக அது அங்கேயே நிற்கிறது. துடைக்க வேண்டியது யார் என்று முடிவாகாததால் அதன் தோளில் தூசி படிந்திருந்தது.

"ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றீங்க" என்றார் ஷாஹீனா.

"ஒருத்தர்னு ஏன் மேடம் இழுக்கறீங்க? பேரைச் சொல்லியே கேளுங்க" என்றாள் வைஷாலி. "கம்ப்யூட்டர் படிச்சவங்க யாரு, எந்த ஒயரை எங்க மாத்தணும்னு தெரிஞ்சவங்க யாருன்னு பார்த்தாலே போதும். நான் பி.காம்."

தர்ஷனா விரல்களை மடக்கிக்கொண்டாள். அவள் பொய் சொல்லவில்லை. வைஷாலி பொய் சொல்கிறாள் என்பதில் அவளுக்குத் துளி சந்தேகம் இருக்கவில்லை. அந்த உறுதிதான் இந்தப் பதினெட்டு நாளும் அவளைத் தூங்க வைத்தது.

மூன்று வருடத்துக்கு முன் அண்ணன் தம்பி இருவரும் கருமண்டபத்து வீட்டைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். கொத்தனார் வாசலில் தொடங்கி ஹாலின் நடுவாகச் சுவர் எழுப்பிக்கொண்டே வந்து, இந்த அறையின் முன் நின்றுவிட்டார். உள்ளே மாமனார் செந்தில்நாதன் படுத்திருந்தார். ரயில்வேயில் முப்பத்தைந்து வருடம் பாயின்ட்ஸ் பிரிவில் வேலை செய்து, எந்த வண்டி எந்தத் தண்டவாளத்தில் போக வேண்டும் என்று திருப்பிவிட்டவர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. அவரை வெட்ட முடியாது, அறையையும் வெட்ட முடியவில்லை. வடக்கு வீட்டுக்கு ஒரு கதவு, தெற்கு வீட்டுக்கு ஒரு கதவு என்று வைத்து முடித்தார்கள். பார்த்துக்கொள்வதை மாதத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்தார்கள். ஆனி வடக்கு, ஆடி தெற்கு. மகன்கள் இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பினார்கள். முறை மருமகள்களுடையதாயிற்று.

மற்ற வீடுகளில் மாதப் பிறப்பன்று கிழவரைத் தூக்கி அடுத்த மகன் வீட்டில் போடுவார்கள். இங்கே அவர் அசைய வேண்டியதில்லை. மெஷினின் பெயர் மாறினால் போதும்.

"அந்தப் பெயர் விவகாரத்தை எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்று ஷாஹீனா தர்ஷனாவிடம் திரும்பினார். "பதிவேட்டை நான் திறக்கணும். திறந்தா என்ன பார்க்கறோம்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கணும்."

நாள் முழுக்க மெஷின்களுக்குப் பெயர் கொடுப்பதுதான் தர்ஷனாவின் வேலை. ஒரு கிடங்கில் நாலாயிரம் தள்ளுவண்டிகள், எல்லாம் தானாக ஓடுபவை. அதனால் குரல் தானாகவே அலுவலகக் குரலாயிற்று.

"ஒரு மெஷின் முழிச்சுக்கும்போது அதுக்கு எங்க இருக்கோம்னு தெரியாது, தன் பேரும் தெரியாது மேடம். பக்கத்துல இருக்கற நெட்வொர்க்கைப் பார்த்து யாராவது இருக்கீங்களான்னு கேக்கும். அந்த நெட்வொர்க் ஒரு முகவரி குடுக்கும், ஒரு பேரும் குடுக்கும். சொந்தமா இல்ல, வாடகைக்கு. நெட்வொர்க் இருக்கற வரைக்கும் பேர் இருக்கும்."

"இதுக்கு ரெண்டு வீட்டு நெட்வொர்க்கும் தெரியும் இல்ல?"

"ரெண்டு காது வெச்சிருக்கு. வடக்கு வீட்டை ஒரு காதுல கேக்கும், தெற்கு வீட்டை ஒரு காதுல. ரெண்டு பக்கமும் பேர் வரலாம், ஆனா மெஷின் ஒரு பேரைத்தான் வெச்சுக்கும். அதனால முறை இல்லாத வீடு பேர் குடுக்கறதை நிறுத்தி வைக்கணும்."

"சட்டப்படி எந்த வீட்டுப் பேரோ அந்த வீடு சொல்றதைத்தான் கேக்கும். மருந்து, சாப்பாடு, டாக்டரைக் கூப்பிடறது எல்லாம். ஏதாவது ஆனாலும் அந்த வீடுதான் பொறுப்பு. சரியா?"

"சரி."

"பேரே இல்லன்னா?"

"ஆளைத் தொடாது. நின்னு பார்த்துட்டு இருக்கும்."

"ரெண்டாயிரத்து நாற்பத்தொன்பதாம் வருஷச் சட்டத்துல நாங்கதான் அப்படி எழுதினோம். பொறுப்புக்கு ஆள் இல்லாத மெஷின் மனுஷனைத் தொடக் கூடாதுன்னு" என்றார் ஷாஹீனா. சொல்லும்போது அவர் மெஷினைப் பார்க்கவில்லை. "யார் மேல அலட்சியம்னு வருதோ, அந்த வீட்டுக்கு இனி எந்த முதியவரையும் வெச்சுப் பார்த்துக்க அனுமதி கிடையாது. தெரியுமில்ல?"

தெரியும். தர்ஷனாவைவிட நன்றாக அது யாருக்குத் தெரியும்? மன்னார்குடியில் அவள் அம்மா தனியாக இருக்கிறாள். குளியலறையில் இரண்டு தடவை விழுந்துவிட்டாள். மகள் வீட்டுக்கு வர அனுமதி கேட்டு எழுதிப்போட்டு ஏழு மாதமாகிறது. 'அலட்சியம்' என்ற ஒரு சொல் விழுந்தால் அம்மா போக வேண்டியது அரசு இல்லத்துக்கு. அங்கே ஒரு கூடத்தில் முப்பது கட்டில்.

"தெரியாமலா இத்தனை அழகா எழுதிக் குடுத்திருக்கா?" என்றாள் வைஷாலி. "அவங்கம்மாவைக் கொண்டாந்து படுக்க வைக்க ரூம் வேணுமே. ரூம்ல ஆள் இருந்தா எப்படி?"

"அக்கா, வாயை அளந்து பேசுங்க."

"உன்னை மாதிரி அளந்து பேச எனக்கு வராதும்மா."

ஷாஹீனா பேனாவால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். "அன்னிக்குக் காலைல என்ன நடந்தது? தர்ஷனா, நீங்க சொல்லுங்க."

அன்று காலை ஆறு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் தர்ஷனா தெற்குக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். ஒப்படைக்கும்போது அவரைக் குளிப்பாட்டி, வெளுத்த வேட்டி கட்டி, விரிப்பு மாற்றி ஒப்படைக்க வேண்டும் என்பது அவர்கள் இருவருக்குள்ளும் இருந்த ஒரே உடன்பாடு. விரிப்பு மாற்றவில்லை. அறையில் மூத்திர வாடை வந்தது. மூன்று நாள் தாடி.

"குளிப்பாட்டாம ஒப்படைச்சா நான் வாங்கிக்க மாட்டேன்" என்று கட்டிலுக்கு மேலாகச் சொன்னாள்.

வடக்குக் கதவில் வைஷாலி நின்றாள். கையில் போன். "போன மாசம் நீ குடுத்தப்ப முதுகுல புண்ணு. நான் வாங்கிக்கலையா? ஆறு மணிக்கு என் முறை முடியுது. ஆடி பொறந்தாச்சு."

"புண்ணு உங்க மாசத்துலயே இருந்தது."

"இருந்ததுன்னு நீ சொல்லு. ரெண்டு நாள்ல ஆத்தினவ நான்."

மாமனார் நடுவில் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைக் கோணினார். அவர் ஒரு வாக்கியம் பேசி முடிக்க அரை நிமிடம் ஆகும். இரு பெண்களும் அவருக்காக வாக்கியத்தை முடித்துவிடுவது வழக்கம். 'தண்ணியா மாமா?' 'ஃபேனா மாமா?' மெஷின் மட்டும் அவர் முடிக்கும் வரை காத்திருக்கும். அன்று தர்ஷனா "இருங்க மாமா, இது எங்களுக்குள்ள" என்றாள்.

ஆறு மணிக்கு வைஷாலி தன் வீட்டுப் பெயரை நிறுத்தினாள். தர்ஷனா தன் வீட்டுப் பெயரைக் கொடுக்கவில்லை. இரண்டு கதவுகளின் மேலும் இருக்கும் சிறு விளக்கு பச்சையிலிருந்து சிவப்பாயிற்று. பச்சை என்றால் மெஷினுக்குப் பெயர் உண்டு, சிவப்பு என்றால் இல்லை. இருவரும் அவரவர் அடுக்களைக்குத் திரும்பினார்கள்.

"விளக்கையே பார்த்துட்டு இருந்தேன் மேடம். ஆறு ஒன்பதுக்குப் பச்சையாச்சு. அடுத்த நிமிஷம் கதவு சாத்தற சத்தம். குளிப்பாட்டும்போதுதான் கதவைச் சாத்துவோம். சரி, வழிக்கு வந்துட்டாங்க, குளிப்பாட்டறாங்கன்னு…"

அவள் நிறுத்தினாள். வைஷாலி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் முதல் முறையாகக் கோபம் இல்லாத ஏதோ ஒன்று வந்து போனது.

"நானும் கதவுச் சத்தம் கேட்டேன்" என்றாள் வைஷாலி, மெதுவாக. "இந்தப் பக்கக் கதவும்தான் சாத்துச்சு. நீதான் மெஷினை விட்டுச் சாத்தச் சொன்னேன்னு நெனச்சேன்."

அந்தப் பச்சை வந்தபோது தனக்குள் எழுந்ததை தர்ஷனா யாரிடமும் சொல்லவில்லை. வாக்குமூலத்திலும் எழுதவில்லை. அது ஒரு சந்தோஷம். பல மாதமாக அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு வாய்த்ததில்லை. தோற்றுவிட்டாள், வைஷாலி தோற்றுவிட்டாள் என்று அடுப்பருகே நின்று தனியாகச் சிரித்தாள். இரண்டாவது டம்ளர் காபி போட்டுக் குடித்தாள். காபி அன்று அபாரமாக அமைந்திருந்தது.

ஏழு மணி தாண்டி அவள் கதவைத் திறந்தபோது விரிப்பு மாறியிருக்கவில்லை. மெஷின் அவள் பக்கம் திரும்பி, "ஆறு நாற்பத்தொன்றுக்கு மூச்சு நின்றது. யாராவது கதவைத் திறக்கக் காத்திருந்தேன்" என்றது. பதறிப்போய் அவள் தன் வீட்டுப் பெயரைக் கொடுத்தாள். அவள் அலறல் கேட்டு ஓடிவந்த வைஷாலியும் கொடுத்தாள். அதற்குள் பதிவேடு தானே பூட்டிக்கொண்டுவிட்டது. மரணம் நடந்தால் அப்படித்தான். ஆணையம் மட்டுமே அதைத் திறக்க முடியும்.

"ஒரு கேள்வி" என்றார் ஷாஹீனா. "பச்சை வந்துச்சு. அது யார் குடுத்த பேர்னு உங்க போன்ல ஒரு தட்டு தட்டினா தெரிஞ்சிருக்கும். நாலாயிரம் வண்டியைப் பார்த்துக்கறவங்க நீங்க. ஏன் பார்க்கலை?"

போனை அடுப்பு மேடையில் கவிழ்த்து வைத்தது தர்ஷனாவுக்கு நினைவுக்கு வந்தது. யார் முதலில் பார்த்தது என்பதும் போனில் பதியும். பார்த்தாள் என்று பின்னால் வைஷாலி சொல்லிக்காட்டக் கூடாது என்றுதான் கவிழ்த்து வைத்தாள்.

"தோணலை" என்றாள்.

"தோணாமலா?" என்றாள் வைஷாலி. ஆனால் குரலில் பழைய கூர்மை இல்லை. அவளும்தான் பார்க்கவில்லை.

ஷாஹீனா தன் அடையாள அட்டையை மெஷினின் மார்பில் வைத்தார். திரையில் வரிகள் ஓடின. அவர் படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார்.

"இந்த வீட்ல மூணாவது நெட்வொர்க் யாரோடது?"

"மூணாவதா? ரெண்டுதானே" என்றாள் வைஷாலி.

தர்ஷனா திரையை எட்டிப் பார்த்தாள்.

இரண்டு வருடம் இருக்கும். ஒரு மத்தியானம் மாமனார் அவளைக் கூப்பிட்டு இடக்கையால் தன் பழைய போனைக் காட்டினார். அன்று அவளுக்கு வேலை இல்லை, கேட்க நேரம் இருந்தது. 'என் பேரும்… அதுல இருக்கட்டும்மா' என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. போனிலிருந்து ஒரு சின்ன நெட்வொர்க்கைக் கிளப்பி, மெஷினின் வரிசையில் கடைசியாகச் சேர்த்தாள். இரண்டு வீடும் பெயர் கொடுக்காமல் போனால் மட்டும் இந்தப் போனைக் கேட்கும் என்றாள். 'எத்தனை நிமிஷம் பொறுத்துக் கேக்கணும் மாமா?' என்று விளையாட்டாகக் கேட்டாள். அவர் வெகுநேரம் எடுத்துச் சொன்னார்: 'ஒம்பது. சண்டை போட்டு முடிக்க… உங்களுக்கு நேரம் வேணுமில்ல.' இருவரும் சிரித்தார்கள். பிறகு அவள் அதை மறந்துவிட்டாள். அவர் மறக்கவில்லை. போனைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுக்கவிட்டதே இல்லை, சார்ஜரைக் கழற்றினால் முனகுவார். கிழவருக்குப் போன் பைத்தியம் என்று இரு வீட்டிலும் சிரித்தார்கள்.

"மாமா போன்தான். நான்தான் சேர்த்தேன்" என்றாள். "போனைக் காட்டி அவர் கேட்டார்."

ஷாஹீனா திரையிலிருந்து படித்தார். அறிக்கை படிக்கிற குரல் அது, ஏற்றமும் இறக்கமும் இல்லாதது.

"ஆறு மணி. பெயர் இல்லை. ஆறு ஒன்பது. பெயர், செந்தில்நாதன். 'இன்று யார் முறை என்று அறிவிக்கட்டுமா?' என்று கேட்டேன். 'இன்னிக்கு என் முறை' என்றார். ஆறு பத்து. இரண்டு கதவையும் சாத்தச் சொன்னார். யாராவது திறக்கும்வரை யாரையும் கூப்பிட வேண்டாம் என்றார். ஆறு பன்னிரண்டு. மின்விசிறியைக் குறைத்தேன். ஆறு இருபது. சளி அடைப்பு. உறிஞ்சி எடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம். வடக்கு வீட்டைக் கூப்பிடட்டுமா? வேண்டாம். தெற்கு வீட்டை? வேண்டாம். ஆறு இருபத்தேழு. மறுபடி கேட்டேன். வேண்டாம். ஆறு முப்பத்து மூன்று. கேட்டேன். கையை ஆட்டினார்."

அவர் அட்டையை எடுத்துக்கொண்டார்.

"சுயநினைவோட இருந்த ஆள். தன் பேர்ல தானே முடிவெடுத்திருக்கார். ரெண்டு வீட்டு மேலயும் அலட்சியம் இல்லைன்னு எழுதறேன். ஒன்பது நிமிஷம் பேரில்லாம விட்டதுக்கு எச்சரிக்கை, அவ்வளவுதான்." பையை மூடிக்கொண்டு எழுந்தார். "மெஷினை இன்னிக்கே திருப்பி எடுத்துக்குவாங்க. ரெண்டு பேரும் அவங்கவங்க பேரை நிறுத்திடுங்க." வாசல்வரை போய் நின்றார். இன்னும் ஏதோ சொல்லப்போகிறார் என்று தர்ஷனா காத்திருந்தாள். திட்டினாலும் தேவலை என்றிருந்தது. ஷாஹீனா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அறையில் இருவர் மட்டும்.

"அப்போ உங்கம்மா வரலாம்" என்றாள் வைஷாலி.

"வருவாங்க."

"வரட்டும். நல்லா பார்த்துக்கோ." போனை எடுத்துத் தன் வீட்டுப் பெயரை நிறுத்தினாள். தர்ஷனாவும் நிறுத்தினாள். இரண்டு கதவின் மேலும் விளக்கு சிவப்பாயிற்று. வண்டி வரும்வரை ஒருவர் இருக்க வேண்டும். யார் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை, அதனால் இருவருமே நின்றார்கள்.

"அந்த விரிப்பு இன்னும் என் வீட்டு வாளியிலதான் ஊறுது" என்றாள் வைஷாலி. "அது உன் விரிப்பு."

"உங்க மாசத்துல நனைஞ்சது."

"பதினெட்டு நாளா நாறுது. வந்து எடுத்துட்டுப் போ."

"தூக்கிப் போடுங்க."

"நீயே வந்து போடு. அவர் உனக்குத்தானே போனைக் காட்டினார்? என்கிட்ட ஒரு நாளாவது காட்டினாரா? சோறு ஊட்டினது நானு. ரகசியம் பேசறதுக்கு நீயா?"

தர்ஷனா திகைத்தாள். வைஷாலியின் கண் கலங்கியிருந்தது. அழுகை என்று சொல்ல முடியாது, பங்கு குறைந்துபோனவளின் ஆத்திரம் அது. ரகசியம் எதுவும் பேசவில்லை, அன்று எனக்கு லீவு, அவ்வளவுதான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வைஷாலிக்கு ஆறுதலாக இருக்கும் என்று தோன்றியது. அதனால் சொல்லவில்லை.

"நீங்க என்னிக்காவது அவர் பேசி முடிக்கிற வரைக்கும் நின்னிருக்கீங்களா?" என்றாள்.

"நீ நின்னியா? அன்னிக்குக் காலைல வாயைத் திறந்தாரே. 'இது எங்களுக்குள்ள'ன்னது யாரு?"

அப்போது விளக்கு பச்சையாயிற்று. அது சிவப்பாகி ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது.

இருவரும் ஒருவர் கையை மற்றவர் பார்த்தார்கள். யாருடைய விரலும் திரையில் இல்லை. தலையணைக்கு அடியில், சார்ஜர் ஒயரின் நுனியில், பழைய போன் கிடந்தது. அதைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. அது யார் வேலை என்று முறை வைக்கப்பட்டிருக்கவில்லை.

மெஷின் தூசியோடு நிமிர்ந்தது. காலிக் கட்டிலைப் பார்த்தது, பிறகு அவர்களை.

"கொஞ்சம் வெளியே இருங்கம்மா" என்றது மரியாதையாக.

வைஷாலி வடக்கே பின்வாங்கினாள், தர்ஷனா தெற்கே. கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொண்டன. உள்ளே மின்விசிறியின் சத்தம் ஒரு படி குறைந்தது.

தர்ஷனா கையிலிருந்த போனைப் பார்த்தாள். தன் வீட்டுப் பெயரைக் கொடுத்தால் போதும், வரிசையில் அவளுடையதுதான் முன்னே. மெஷின் அவளுடையதாகிவிடும், கதவு திறக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் வைஷாலியும் இப்படித்தான் நிற்பாள் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் கொடுக்கட்டும் என்று ஒரு நொடி நினைத்தாள். அப்படி நினைத்ததை அறிந்தும் விரல் நகரவில்லை.

போன் அதிர்ந்தது. ஆணையத்தின் அனுமதி மன்னார்குடிக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அம்மா எழுதியிருந்தாள்.

'வரலாம்னு வந்துடுச்சுடி. எனக்கு எந்த ரூம்?'

கதவின் மேல் விளக்கு பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது.